ஆலங்காட்டு ஐயனும் அயல்நாட்டுச் சிற்பியும்

தொண்டை நாட்டின் வடகோடியிலே, நாகலாபுரம் மலைகளுக்குக் கிழக்கே, வரதய்யபாளையம் என்றோர் ஊர் உண்டு. சென்னையிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் தடா நிலையத்தில் இறங்கி மேற்கே சென்றால் இவ்வூரை அடையலாம். உப்பலமடுகு அருவியைக் காணப் புறப்படும் சென்னை இளைஞர்களும், ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் பேருந்தேறும் தொழிலாளரும் இன்று இவ்வூரின் பெயரை அறிவர். ஏனையோர்க்கு இது வழியிற் கடந்து போகும் ஊர்களுள் ஒன்று. நம் குடும்பத்தின் வேர் இவ்வட்டாரத்தில் இருப்பதால் நமக்கு இதன்பால் ஒரு பற்று உண்டு. அப்பற்று ஒருபுறமிருக்க, இவ்வூரை நடுவாக வைத்து நோக்கினால் கலை வரலாற்றில் அழியா இடம்பெற்ற மூன்று தலங்கள் அரைநாட் பயண எல்லைக்குள் அமைவதைக் காணலாம். வடமேற்கே திருக்காளத்தி, மேற்கே குடிமல்லம், தெற்கே திருவாலங்காடு. இவற்றுள் திருவாலங்காட்டுத் திருமேனி ஒன்று கடல் கடந்து ஒரு மாபெருஞ் சிற்பியின் உள்ளத்தைக் கொள்ளை கொண்ட வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அதற்குமுன் எல்லைக் கணக்கு ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். அலுவலகக் கோப்புகளோடு காலங் கழிப்பவர்க்கு இத்தகைய கணக்குகளில் ஒரு தனி ஆர்வம் உண்டென்பதை அன்பர்கள் பொறுத்தருள்க. பழைய அருங்காட்சியகப் பட்டியல்களைப் புரட்டுவோர், திருவாலங்காடு 'சித்தூர் மாவட்டம்' எனக் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. திகைப்புக்கு இடமில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணிப் பகுதி அதனுள் அடங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டத்தோடு சேர்ந்து அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் அவர்களின் நடுவர் முடிவும், 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்தன. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. சத்தியவேட்டை அடுத்துள்ள வரதய்யபாளையம் சித்தூர் மாவட்டத்து ஊராகி, 2022இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆலங்காடு இப்பால் வந்த அதே நாளில் சத்தியவேடு அப்பால் போயிற்று. இரண்டிடத்தும் மக்கள் இருமொழி பேசி முன்போலவே வாழ்ந்தனர். எல்லைக்கல் நகர்ந்தது, கோயில்கள் நகரவில்லை.

ஆனால், ஆலங்காட்டின் ஆடல்வல்லான் அதற்கு நெடுங்காலம் முன்னரே ஊரைவிட்டு நகர்ந்துவிட்டான்.

ஆலங்காடு பழம்பெருந் தலம். ஐந்து அம்பலங்களுள் இரத்தின சபை இது. காளியோடு வாதிட்டு இறைவன் ஒரு காலைத் தலைக்குமேல் உயர்த்தி ஆடினான் என்பது தல வரலாறு. காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்தடைந்த காடும் இதுவே. தில்லைக் கூத்தின் புகழ் ஓங்குவதற்கு முன்னரே, சுடுகாட்டில் ஆடும் கூத்தனை நேரிற் கண்டார்போல் அவ்வம்மையார் பாடிவிட்டார். இங்கே கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் சோழர் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாகும். முப்பத்தோரு ஏடுகள் கொண்ட அப்பெருந்தொகுதி, அவனது ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரை இக்கோயிலுக்கு வழங்கிய செய்தியை உரைப்பது. இங்ஙனம் பாட்டாலும் ஏட்டாலும் பெயர்பெற்ற ஊரிலிருந்து ஓர் ஆடவல்லான் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நான்கடிக்குச் சற்றே குறைந்த உயரம். சோழர் காலத்தது, பதினோராம் நூற்றாண்டை ஒட்டியதெனப் பலரும் கொள்வர். சுற்றியிருக்க வேண்டிய தீச்சுடர்த் திருவாசி இல்லை. இருபுறமும் விரிந்து பறக்க வேண்டிய சடையும் இல்லை. எஞ்சி நிற்பது முயலகன்மேல் ஊன்றிய ஒரு கால், தூக்கிய ஒரு கால், நான்கு கைகள், ஒரு முகம்.

ஆலங்காட்டுக்குரியது ஊர்த்துவ தாண்டவம். அங்கிருந்து வந்த இத்திருமேனியோ ஆனந்தத் தாண்டவக் கோலத்தது. இம்முரண் நம்மைப் பலகாலும் சிந்திக்க வைத்ததுண்டு. சோழப் பேரரசின் காலத்தில் தில்லைக் கோலம் நாடெங்கும் பரவிவிட்டது என்பதே இதற்கு நாம் காணும் விடை. தலபுராணம் ஒன்று கூற, வார்ப்படச் சாலை வேறொன்று வார்த்தது.

இனி, கடலுக்கு அப்பால் அக்காலத்தில் நிலவிய கருத்து யாதெனக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலைநாட்டறிஞர் பலர்க்கு நம் நாட்டுத் துணிகளும் நகைகளும் மரவேலைகளும் உயர்ந்தவை. சிற்பம் மட்டும் கலையன்று. பல கைகளும் பல தலைகளும் கொண்ட உருவங்களை அவர்கள் கண்காட்சிப் பேய்களாகவே எண்ணினர். 1910 சனவரியில் இலண்டன் அரசவைக் கலைக் கழகத்தில் ஈ. பி. ஹாவெல் இந்தியக் கலைபற்றிச் சொற்பொழிவாற்றினார். 1884இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளிக்குத் தலைவராக வந்து, நம் கைவினைஞரோடு பழகி, பின் கல்கத்தாவிலும் பணியாற்றியவர் அவர். தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் நுண்கலையே கிடையாது என்று கூறியதோடு அமையாமல், சாவகத்துப் புத்தர் படிமம் ஒன்றை வேகவைத்த கொழுப்புக் களியோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டார்! ஓவியர் ரோதன்ஸ்டைன் முதலாகப் பதின்மூவர் கையொப்பமிட்டு, இந்தியக் கலையின் உயர்வைப் போற்றும் மறுப்புக் கடிதம் ஒன்றை அடுத்த மாதமே இலண்டன் 'டைம்ஸ்' இதழில் வெளியிட்டனர். இந்தியக் கழகம் என்னும் அமைப்பு அவ்வாண்டே இலண்டனில் தோன்றியது. ஒரு கடுஞ்சொல் சிலபோது நூறு நற்சொற்களைப் பிறப்பித்துவிடுகிறது.

இப்பூசல் நடந்த காலத்தை ஒட்டியே விக்டர் கொலுபேவ் என்னும் உருசியர் இந்தியாவிற் பயணம் செய்தார். கலைப் பொருள்களைப் படம் பிடிப்பதில் வல்லவர். பிற்காலத்தில் ஹனோய் நகரிலிருந்த பிரெஞ்சுக் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளியில் பணிபுரிந்து, வானூர்தியிலிருந்து அங்கோர் நகரின் அமைப்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர். சென்னை அருங்காட்சியகத்து ஆடவல்லான் திருமேனிகளின் நிழற்படங்களை 1911 அளவில் அவர் பாரிசில் ஒருவர் கையில் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் ஒகுஸ்த் ரோடின். அப்போது அவர்க்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 'சிந்தனையாளன்' சிலையால் உலகம் முழுதும் அறியப்பட்டவர்; மேலைநாட்டில் அன்று வாழ்ந்த சிற்பிகளுள் தலைமையானவர்.

ரோடினுக்குக் கீழ்த்திசை ஆடல் முற்றிலும் புதிதன்று. 1906இல் கம்போடிய மன்னர் சிசோவத்து தம் அரசவை ஆடல் மகளிருடன் பிரான்சுக்கு வந்தார். பாரிசில் அவ்வாடலைக் கண்ட ரோடின், அம்மகளிர் மார்செய் நகருக்குச் செல்ல, தாமும் பின்தொடர்ந்து சென்று, கைக்குக் கிடைத்த தாள்களிலெல்லாம் அவர்தம் அசைவுகளைத் தீட்டினார். ஏறத்தாழ நூற்றைம்பது ஓவியங்கள் அந்தச் சில நாட்களில் பிறந்தன. அறுபத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர் ஆடலைத் துரத்திக்கொண்டு ஊர்விட்டு ஊர் ஓடினார் என்றால், அக்கண்களின் பசி எத்தகையதென்று எண்ணிப் பாருங்கள். அப்பசிக்கு ஐந்தாண்டு கழித்துக் கிடைத்த விருந்தே ஆலங்காட்டு ஐயன்.

1913இல் ரோடின் இப்படங்களை முன்வைத்துக்கொண்டு சில பக்கங்கள் எழுதினார். அதனைக் கட்டுரை என்பதைவிட, பார்த்துக்கொண்டே எழுதிய குறிப்புகளின் கோவை என்பதே பொருந்தும். ஆங்கில மொழிபெயர்ப்பு வாயிலாகவே நாம் அதனை அறிந்தோம். சில இடங்களில் அவர் மொழி புகைபோற் கலைந்துவிடுகிறது, பொருள் பிடிபடுவதில்லை. பிற இடங்களிலோ, உளி பிடித்த கையன்றிப் பிறிதொன்று எழுத இயலாத சொற்கள் வருகின்றன. அவர் இறைவனின் பெயரைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ அதிகம் கவலைப்படவில்லை. உடலைப் பார்க்கிறார். முன்னிருந்து பார்க்கிறார், பக்கவாட்டில் பார்க்கிறார், உதட்டின் வளைவில் நிற்கிறார், காலின் விசையை அளக்கிறார், ஒளி எங்கே வழுக்கி நிழல் எங்கே தங்குகிறது என்று தேடுகிறார். ஒரு புறத்தோற்றத்தைப் பிறைமதிக்கு ஒப்பிடுகிறார். தம் நாட்டார் அழகின் முடிவென்று கொண்டாடும் மெடிசி வீனஸ் சிலையை அருகே நிறுத்தி இரண்டையும் ஒத்து நோக்குகிறார். மேலைநாட்டுக் கலையின் திருவுருவம் ஒன்றோடு நம் ஆடவல்லானைச் சமமாக வைத்துப் பேசும் துணிவு, பேர்ட்வுட் பேசிய மூன்றாண்டுகளுக்குள் ஒருவர்க்கு வந்தது.

நான்கு கைகள் அவரைத் தடுக்கவில்லை. நாம் இதனைப் பெரிதாக மதிக்கின்றோம். ஏனெனில், உடலமைப்பில் ரோடினைவிடக் கடுமையான கண் அக்காலத்தில் யார்க்கும் இல்லை. 1877இல் அவர் தம் 'வெண்கலக் காலம்' என்னும் சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, அது உயிருள்ள மனிதனின் உடல்மீதே அச்செடுத்து வார்த்தது என்று பழி கூறினர்; அவ்வளவு மெய்யாக இருந்தது அச்சிலை. அத்தகையவர் நான்கு கையுடைய உருவத்தைக் கண்டு இயற்கைக்கு மாறென்று கூறாமல், அதில் உயிர் ஓடுவதாக எழுதினார். நம்மவரிற் சிலர் அக்காலத்தில் ஆங்கிலேயர் முன் இக்கைகளுக்காக நாணி, தத்துவம் பேசி மழுப்பிக்கொண்டிருந்தனர். சிற்பிக்கு அந்நாணம் தேவைப்படவில்லை.

வார்ப்புத் தொழிலை அறிந்தவராதலின் ரோடின் இத்திருமேனியின் அருமையை நன்குணர்ந்திருப்பார் என்று எண்ண இடமுண்டு. மேலைநாட்டுச் சிற்பி களிமண்ணில் உருச் செய்வான். அதிலிருந்து சுண்ணச் சாந்தில் படி எடுப்பர். வார்ப்படத் தொழிலாளர் அதனை வெண்கலத்தில் வார்ப்பர். வேண்டிய அளவு படிகள் எடுக்கலாம். அதனாற்றான் 'சிந்தனையாளன்' உலகின் பல நகரங்களில் ஒரே வேளையில் அமர்ந்து சிந்திக்கிறான். நம் தபதிகள் முறை வேறு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகில் உருவம் முழுதையும் கையாலேயே அமைப்பர். அதன்மேல் வண்டல் மண்ணை மென்மையாகப் பூசி உலர்த்தி, பின் மேலும் மேலும் மண்ணிட்டுக் கம்பி கட்டிக் கூடு செய்வர். கூட்டைச் சுட்டால் மெழுகு உருகி வழிந்து வெற்றிடம் உண்டாகும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். உலோகம் ஆறியபின் கூட்டை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. இரண்டாம் படி என்பதற்கு இடமே இல்லை. ஒரு விரல் நுனியில் உலோகம் ஓடாமல் நின்றுவிட்டால் மீண்டும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டியதுதான். உள்ளே கூடின்றிக் கனமாக வார்ப்பது தென்னாட்டு வழக்கம். அத்தனை எடையும் ஒற்றைக் காலில் நிற்க, மற்றொரு கால் அந்தரத்தில் மிதக்கிறது. ஆலங்காட்டுத் திருமேனியை வார்த்த தபதியின் பெயரை எந்தக் கல்வெட்டும் நமக்குச் சொல்லவில்லை.

ரோடின் காணாத பாதி ஒன்று உண்டு. தூக்கிய திருவடி ஏன் தூக்கியது, சுட்டும் கை எதனைச் சுட்டுகிறது, காலடியிற் கிடப்பவன் யார் என்பன அவர்க்குத் தெரியா. அவற்றைச் சொல்ல ஒரு தமிழர் மகன் இருந்தார். கொழும்பில் 1877இல், சர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியே அவர். தாயார் ஆங்கிலேயர், வளர்ந்ததும் கற்றதும் இங்கிலாந்தில், முதலிற் பயின்றதோ நிலவியல். பாறைகளை ஆராய இலங்கை சென்றவர், சிங்களக் கைவினைகளைக் கண்டு மனம் மாறிக் கலை ஆராய்ச்சியில் இறங்கினார். சிவன் ஆடல்பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1912இல் 'சித்தாந்த தீபிகை' இதழில் வெளிவந்தது. அவ்விதழ் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1897இல் தொடங்கியது என்பதைச் சங்க அன்பர்கள் நினைவு கூர்தல் தகும். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இன்றும் படிக்கப்பெறும் ஒரு கட்டுரை, நம் சைவ அன்பர்கள் நடத்திய ஒரு சிறு திங்களிதழிலே முதலில் அச்சேறிற்று! 1918இல் நியூயார்க்கில் அது நூல் வடிவம் பெற்றபோதுதான் மேலைநாட்டார் அதனைப் பரவலாக அறிந்தனர். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலையும் சித்தாந்த நூல்களைக் கொண்டே அவர் அத்திருக்கோலத்தில் எடுத்துக்காட்டினார்.

1921இல் 'ஆர்ஸ் ஏசியாட்டிகா' என்னும் பிரெஞ்சு வரிசையின் மூன்றாம் தொகுதியாகச் சிவச் சிற்பங்களைப் பற்றிய பெருநூல் வெளிவந்தது. ரோடினின் குறிப்புகளும், குமாரசுவாமியின் விளக்கமும், ஹாவெலின் எழுத்தும், கொலுபேவின் உரையும் அதில் ஒருசேர இடம்பெற்றன. கண் ஒருவருடையது, பொருள் ஒருவருடையது. இரண்டும் ஒரே அட்டைக்குள் வந்து சேர்ந்தபோது ரோடின் உயிரோடு இல்லை. 1917 நவம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார். இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. திருமேனியைத் தொட்டதில்லை, சுற்றி வந்ததில்லை. படங்களை மட்டுமே கண்டார்.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. இத்திருமேனி ஆலங்காட்டிலேயே இருந்து பூசை கொண்டிருந்தால் ரோடின் இதனைக் கண்டிருப்பாரா? கண்டிருக்க மாட்டார் என்பதே நம் விடை. கோயிலில் ஆடவல்லானைப் பட்டும் மாலையும் அணியும் மூடியிருக்கும். நாம் காண்பது திருமுகத்தையும் எடுத்த பொற்பாதத்தையும் மட்டுமே. அதுவும் தீபாராதனை ஒளியில் ஒரு நொடி. பின்புறத்தை யார் கண்டார்? முதுகின் வளைவையும் இடையின் திருப்பத்தையும் அர்ச்சகரும் தபதியும் அன்றி ஊரார் எவரும் பார்த்திரார். அருங்காட்சியகமே துணியை விலக்கிற்று. படப்பெட்டி அதனைப் பக்கவாட்டிலும் காட்டிற்று. இது ஊதியம். இழப்பு யாது? சில ஆண்டுகளுக்கு முன் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு சென்னை சென்ற நாம் எழும்பூர்ப் படிமக் கூடத்துக்குப் போயிருந்தோம். வடநாட்டிற் பிறந்து வளர்ந்த நம் இளைய மகள் ஐயன் முன் நின்று, "அப்பா, இந்தச் சாமிக்கு ஏன் ஒரு பூக்கூட வைக்கவில்லை?" என்று கேட்டாள். அருகில் நின்ற முதிய அம்மையார் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். பின் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். நாம் குழந்தைக்கு அன்று தக்க விடை கூறவில்லை. வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்ற நமக்கு ஆண்டுகளும் அரசர் பெயர்களும் வாயில் வந்தன. பூவுக்கு விடை வரவில்லை.

ரோடினே இவ்வினாவுக்கு ஒரு பாதி விடை வைத்திருந்தார் என்பது வியப்பு. அவர் தம் நாட்டின் பெருங்கோயில்களை ஊர் ஊராகச் சென்று பார்த்து எழுதிய 'பிரான்சின் தேவாலயங்கள்' என்னும் நூல் 1914இல் வெளிவந்தது. பழங்கற்களைச் சுரண்டிப் புதுப்பிக்கும் திருப்பணியை அவர் அதில் வன்மையாகக் கண்டித்தார். கல் அதற்குரிய இடத்தில், அதற்குரிய ஒளியில், மக்கள் வழிபடும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர் உள்ளக் கிடக்கை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே செருமானியர் குண்டுகள் ரைம்சுப் பெருங்கோயிலின்மேல் விழுந்தன. இடத்திலேயே இருத்தல் காப்பு ஆகாமற்போன காட்சியையும் அம்முதியவர் தம் காலத்திலேயே காண நேர்ந்தது. 1916இல் தம் படைப்புகளையும் தாம் திரட்டிய பழம்பொருள்களையும் அவர் பிரெஞ்சு அரசுக்கு எழுதிக் கொடுத்தார். பாரிசில் அவர் பணிபுரிந்த மாளிகை 1919இல் அவர் பெயராலேயே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கோயிற் கல் கோயிலிலே இருக்க வேண்டும் என்றவர், தம் கல்லையும் வெண்கலத்தையும் அருங்காட்சியகத்துக்கே விட்டுச் சென்றார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அவை வழிபடப் பிறந்தவை அல்ல.

இடத்திலேயே நின்ற திருமேனிக்குச் சான்று வேண்டுமெனில் வரதய்யபாளையத்துக்கு மேற்கே குடிமல்லம் செல்ல வேண்டும். பழங்கல்வெட்டுகளில் திருவிப்பிரம்பேடு எனப்படும் அவ்வூர்ப் பரசுராமேசுவரர் கோயிற் கருவறையில் ஐந்தடி உயர இலிங்கம் ஒன்றுண்டு. அதன் முகப்பில், கையில் ஆட்டையும் கலத்தையும் ஏந்தித் தோளில் மழுவைச் சாய்த்து, குறள் பூதம் ஒன்றின் தோள்மேல் நிற்கிறார் பெருமான். கிறித்துவுக்கு முற்பட்டது எனப் பல அறிஞர் கருதும் இவ்விலிங்கத்தின் பெருமையை டி. ஏ. கோபிநாத ராவ் தம் சிற்ப நூலில் 1916இல் வெளியான பகுதியில் விளக்கினார். 1954இல் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. 1973இல் தொடங்கிய அகழ்வாய்வு, இப்போதுள்ள கட்டடத்துக்கு முந்திய செங்கல் அமைப்பைக் காட்டிற்று. பல்லவரும் வாணரும் சோழரும் கல்வெட்டு வைத்த இக்கோயிலில் அவ்விலிங்கம் தான் நாட்டப்பெற்ற ஊரை விட்டு அகன்றதில்லை. ஆனால் ரோடின் போன்ற ஒருவர் அதன்முன் நின்று எழுதவும் இல்லை. அதனைக் காண ஊரைத் தேடித்தான் போக வேண்டும். தேடிப் போவோர் இன்றும் சிலரே.

அருங்காட்சியகம் வேறு, கள்வர் கடை வேறு. இதைப் பிரித்துணராமல் சிலர் இரண்டையும் ஒன்றாகப் பழிப்பர். மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருமேனிகள் 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் வழியே அரசிடம் வந்து சேர்ந்ததற்கும், பாதுகாப்பற்ற கோயில்களின் பூட்டை உடைத்துக் கப்பலேற்றியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. 1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் கூலியாள் ஒருவரின் மண்வெட்டிக்குத் தட்டுப்பட்ட நடராசர் இலண்டன் சென்றார். கோயிற் சிவனே வழக்காடியாக நின்ற அவ்வழக்கில் 1988இல் தீர்ப்புக் கிடைத்து, 1991இல் ஊர் திரும்பினார். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசரை ஆத்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று; திருட்டு வெளிப்பட்டபின் 2014இல் அவரும் இந்தியா திரும்பினார். ரோடின் மெச்சிய கலைக்கு உலகச் சந்தையில் விலை ஏறியதன் மறுபக்கம் இது. மெச்சியவரைக் குறை கூறுவதற்கில்லை; பூட்டும் காவலும் இன்றிக் கோயிலை விட்ட நம்மைத்தான் கூற வேண்டும்.

பிற நாடுகளிலும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்மவர்க்கு இன்று ஆடவல்லானைக் காண்பது அரிதன்று. காரைக்காலம்மையார் தாளமேந்திப் பாடியமர்ந்த செப்புத் திருமேனி நியூயார்க்கு மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இருக்கிறது. செனீவாவை அடுத்த அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் இந்திய அரசு அளித்த ஆறடிக்கு மேற்பட்ட நடராசர் 2004 முதல் நிற்கிறார். தில்லியில் வாழும் அன்பர்கள் பாரத மண்டபத்தின் முன் 2023இல் நிறுவப்பட்ட இருபத்தேழு அடி உயரத் திருமேனியைக் கண்டிருப்பர். சுவாமிமலைத் தபதிகள் அதே மெழுகு முறையில் எட்டு உலோகங் கலந்து வார்த்தது அது. தலைநகரின் பெருஞ்சாலையில் பேருந்தில் செல்கையில் அத்தூக்கிய திருவடி ஒரு கணம் தோன்றி மறையும்போது, பக்கத்து இருக்கையில் இருக்கும் பஞ்சாபியர் "இது எந்த ஊர்க் கடவுள்?" என்று கேட்டால் சொல்ல நம்மிடம் ஒரு கதை வேண்டாமா? ஆலங்காட்டின் கதை அதற்கு உதவும்.

சென்னை செல்லும் அன்பர்கள் குழந்தைகளுடன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். காலையில் எழும்பூர் அருங்காட்சியகம். பிற்பகலில் அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியேறித் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கினால், அந்தி வழிபாட்டுக்கு இரத்தின சபையில் நிற்கலாம். பூ வாங்கிக்கொள்ள மறவாதீர். வெள்ளிக்கிழமையில் மட்டும் இப்பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டா. அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, கோயிலிலோ கூட்டம் மிகுதி.